லெயோனில்டா போன கார்னிவல்கள்

பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய வாரம், வெயில் ஏறுவதற்கு முன்பே, லெயோனில்டா பேருந்து நிலையத்துக்கு வந்து டிக்கெட் சன்னலின் முன் நிற்பாள். அவள் ஊரான பெசெரோஸில் கார்னிவலுக்கு வெளியூர் டிக்கெட் வாங்குகிறவர்கள் குறைவு. சுற்றுவட்டாரம் முழுக்க கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை முகமூடி பார்க்க இந்த ஊருக்குத்தான் வரும். ஊரைவிட்டுப் போகிறவர்கள் சபைக்காரர்கள் மட்டுமே. அவர்களுக்கும் டிக்கெட் தேவையில்லை. பாஸ்டர் ஏற்பாடு செய்த பேருந்தில் ஏறி, மலைப்பக்கத்துத் தியான முகாமுக்குப் போய், ஊர் ஆடி முடித்த பிறகு திரும்பி வருவார்கள். லெயோனில்டா சபைக்காரிதான். ஆனால் மகன் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அவள் முகாமுக்குப் போகவில்லை. அது சன்னலுக்குள் இருந்த அடௌட்டோ ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

"என்னக்கா, இந்த வருஷம் எந்த ஊரு?"

"மெதுவா பேசுடா."

"ஊருக்குத் தெரியாம கார்னிவல் பாக்கப் போற ஒரே அல்லேலூயா நீங்கதான்க்கா. அங்க போய் ஆடுவீங்களா, இல்ல ஓரமா நின்னு ஆடறவங்களுக்காக ஜெபம் பண்ணுவீங்களா?"

இந்த அக்காவுக்கு உள்ளூர ஆட்டத்தில் கொள்ளை ஆசை, சபைக்குப் பயந்து மறைக்கிறாள் என்று அவன் நம்பினான். அதனால் அவளுக்கு ஊர் தேர்ந்து கொடுப்பதைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டான்.

"சத்தம் வேணும்னா சால்வடோர். ஜோடனை பாக்கணும்னா ரியோ. மேட்டுத் தெருவில ஏறி எறங்கி முழங்கால் போகணும்னா ஒலிந்தா. சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

"காகிதக் கூழ்ல பொம்மை பண்றவங்க எங்க ஜாஸ்தி?"

ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பது அந்த ஒரு கேள்விதான். அடௌட்டோ அதைக் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டான். அவள் கேட்டது மகனை.

நகராட்சிப் பள்ளியின் சமையற்காரி அவள். கணவன் ஒனோஃப்ரே சந்தையில் மாடு ஏற்றி இறக்கியவன். இளவயதில் ஒரு கோவேறு கழுதை உதைத்ததில் அவனுடைய தாடை இடப்பக்கமாக ஒதுங்கிவிட்டது. சிரிக்கும்போது முகம் முழுவதும் அந்தப் பக்கமாகச் சரியும். கார்னிவல் ஞாயிறன்று பப்பாங்கு வேடம் போடுவதில் அந்தத் தெருவில் அவனை மிஞ்ச ஆளில்லை. கையுறை, காலுறை, தலையை மூடிய துணி, காகிதக் கூழ் முகமூடி எல்லாம் அணிந்து, குரலையும் மாற்றிக்கொண்டு, பப்பாங்குகள் வீடுவீடாகக் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் சோளக்களியும் கோழிக் குழம்பும் கொடுக்க வேண்டும். வந்தவன் யார் என்று கேட்கக் கூடாது. கொடுத்ததை வந்தவன் மறுக்கக் கூடாது. பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக வேறு வீட்டில் போய் உடுத்திக்கொள்வார்கள். ஒனோஃப்ரே எதிரே கித்தேரியா வீட்டில் உடுத்திக்கொண்டு வந்து, சொந்த வீட்டுக் கதவையே தட்டி, சொந்தப் பெண்டாட்டி கையால் களி வாங்கித் தின்றுவிட்டுப் போவான். அவளுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். சொல்ல மாட்டாள்.

அவன் ஈரலில் நோய் வந்து இறந்தபோது மகன் ஜெனிவல் சின்னப் பையன். அந்தத் துக்கத்தில் அவளைத் தாங்கிப் பிடித்தது சபை. சபைக்கு முகமூடி ஆகாது. அதன் பிறகு கார்னிவல் என்றால் அவளுடைய வீடு பூட்டியிருக்கும். பையனையும் முகாமுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போவாள். மீசை அரும்பியதும் அவன் வர மறுத்துவிட்டான். அவள் தனியாகப் போனாள்.

ஒரு தை மாத மாலை, பள்ளியிலிருந்து திரும்பியவள் கொல்லைச் சுவரில் முகமூடிகள் காய்வதைக் கண்டாள். பக்கத்தில் அவற்றை வார்த்த களிமண் அச்சு. எல்லாவற்றிலும் தாடை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. செத்துப்போனவன் வரிசையாகச் சுவரில் தொங்கிச் சிரித்தான். அவளுக்கு முதலில் வந்தது பயம். கோபம் அதற்குப் பிறகுதான். முகமூடிகளை அடுப்பில் போட்டாள். அச்சை உலக்கையால் இடித்தாள். ஜெனிவல் வந்தபோது அவள் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அது அப்பா மூஞ்சிம்மா."

"அது சாத்தான் மூஞ்சி."

அவன் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். "இந்த வேலைக்கு மதிப்பு இருக்கிற ஊருக்குப் போறேன். எந்த ஊர் கார்னிவல்லயாவது என்னைப் பாத்தா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றான். போனது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அவளுடைய கணக்கு எளியது. காகிதக் கூழ் வேலைக்கு மதிப்பு இருக்கும் ஊர் எது? கார்னிவல் நடக்கும் பெரிய ஊர். அவனைப் போன்றவர்கள் ஒளிந்திருக்காமல் தெருவுக்கு வருவது எப்போது? கார்னிவல் நாட்களில். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஒரு வருடத்துக்கு ஒரு ஊர்தான் முடியும். தவறான ஊரைத் தேர்ந்தால் ஒரு வருடம் போச்சு.

முதலில் ஒலிந்தா. அங்கே ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான பொம்மைகள் தெருவில் ஆடும். தூக்குகிறவன் பொம்மையின் பாவாடைக்குள் மறைந்திருப்பான். காற்றுக்காக விட்ட சிறு ஓட்டை மட்டும் வெளியே தெரியும். லெயோனில்டா ஒவ்வொரு பொம்மையின் ஓட்டையிலும் குனிந்து பார்த்தாள்.

"யம்மா, தள்ளு, உள்ள மூச்சு முட்டுது!"

"உன் இடது கட்டைவிரலக் காட்டுப்பா."

"என்னது?"

"நகம் பிளந்திருக்கான்னு பாக்கணும். அச்சு செதுக்கறப்ப கத்தி எறங்கின விரல்."

"விரலக் காட்டினா பொம்மை உன் தலையில விழும். பரவாயில்லையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பொம்மைக் கொட்டகைகளிலும் கேட்டாள். பெசெரோஸ்காரன் யாரும் இல்லை என்றார்கள். மறுவருடமும் அதே ஊர். பிறகு சால்வடோர், இரண்டு முறை. முதல் முறை ஒலிபெருக்கி வண்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நெரிசலில் சிக்கி ஒரு செருப்பைப் பறிகொடுத்தாள். இரண்டாம் முறை கூட்டத்தில் ஒரு முதுகைப் பார்த்துத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்தாள். அவன் திரும்பியபோது வேறு யாரோ. "என்ன பாட்டி, ஆசையா?" என்று கண்ணடித்தான். சால்வடோர் பேருந்து போகும்போதும் வரும்போதும் பக்கத்து ஊரான கருவாருவில் காப்பி குடிக்க நிற்கும். அவளும் இறங்கிக் காப்பி குடிப்பாள்.

கிளம்பும் நாளில் தெருவுக்காக ஒரு நாடகம் உண்டு. முகாம் பேருந்து கிளம்பும் சனிக்கிழமை காலை, நீளப் பாவாடை, கையில் வேதாகமம், தோளில் பை. முகாமுக்குப் போகிறவள் போலவே தெருமுனைக்கு நடப்பாள். அங்கிருந்து பின் சந்துகள் வழியாகப் பேருந்து நிலையத்துக்கு. பாஸ்டரிடம் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பாள். மகன் அலையும் தெருக்களில் தானும் அலைகிறேன் என்று யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கித்தேரியா தன் வாசலில் சிகரெட் பிடித்தபடி கேட்பாள்: "எங்க பேரையும் சேத்து ஜெபம் பண்ணு லெயோ. நான் குடிக்கிறதுக்குத் தனியா ஒண்ணு."

"உனக்குப் பண்ணிப் பண்ணி முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

"தேயட்டும், நல்ல காரியம்."

இந்த வருடம் தேர்வு கடினமாக இருந்தது. கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. தொலைதூரப் பேருந்துப் பயணம் இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பள்ளி வேன் ஓட்டுநருடைய மைத்துனன் ரியோவில் தேர் கட்டும் கொட்டகை ஒன்றில் நம்ம ஊர்ப் பையனைப் பார்த்ததாகச் சொன்னான். பெயர் தெரியாது. கையில் காகிதக் கூழ், சிரிப்பு ஒரு பக்கமாகச் சரியும் என்றான். அந்தச் சிரிப்பு தகப்பனுக்குக் கழுதை கொடுத்தது, பிள்ளைக்கு எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் சன்னலில் போய் ரியோ என்றாள்.

அடௌட்டோ பேனாவை வைத்துவிட்டான். "ரெண்டு ராத்திரி, மூணு பகல் ஆகும்க்கா. சனிக்கிழமை ஏறினா திங்கள் சாயங்காலம்தான். பாதி கார்னிவல் போயிருக்கும். வியாழக்கிழமை கிளம்புங்க."

"சனிக்கிழமைதான் முடியும்."

"ஏன், வியாழக்கிழமை கர்த்தர் முழிச்சிட்டிருப்பாரா?"

"சனிக்கிழமை போடுடா."

அந்தச் சனிக்கிழமை கருவாருவில் மாறி ஏறிய பேருந்து, கரன்யுன்ஸ் ஊரைத் தாண்டியதும் புகைவிட்டு நின்றது. மாற்று வண்டி வரும் என்றார்கள். வரவில்லை. கார்னிவலில் மெக்கானிக் எங்கே கிடைப்பான் என்று ஓட்டுநர் சாலையோரத்தில் பாட்டுப் பாடினான். பொழுது சாய்ந்ததும் சிலர் எதிர்த்திசை வண்டிகளில் திரும்பினார்கள். லெயோனில்டாவும் ஒரு காய்கறி லாரியில் ஏறினாள். ஞாயிறு விடியும்போது பெசெரோஸில் இறங்கி, கொல்லைப் பக்கமாக நுழைந்து, தன் வீட்டுக்குள்ளேயே திருடியைப் போல உட்கார்ந்தாள். முன் கதவும் சன்னல்களும் அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவைத்தபடியே இருந்தன. புகை தெரியுமே என்று அடுப்பு மூட்டவில்லை. ரியோ போச்சு, இந்த வருடம் போச்சு, இனி கால்களும் இல்லை என்று தோன்றியது. இருட்டறையில் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள்.

வெயில் ஏறியதும் தெருவில் தகரமும் மணியும் கேட்கத் தொடங்கின. பப்பாங்குகள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டும் ஓசை, கீச்சுக்குரல், சிரிப்பு, தட்டில் கரண்டி படும் சத்தம். அவளுடைய வீட்டை எல்லாரும் தாண்டிப் போனார்கள். அல்லேலூயா வீடு என்று தெரியும்.

பிறகு யாரோ அவள் கதவைத் தட்டினார்கள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு.

அவள் எழுந்து கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். வெளியே ஒனோஃப்ரே நின்றான். மஞ்சள் பூப்போட்ட துணி, கையுறை, அதற்கு மேல் இடப்பக்கம் ஒதுங்கிய தாடை. உலக்கையால் தூளாக்கிய அச்சு. அதை நினைவிலிருந்து இன்னொரு முறை பிசைந்திருக்கக்கூடிய கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

அவளுடைய கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"வருஷா வருஷம் எதுக்குடா இந்தச் சவக்கதவத் தட்டற?" கித்தேரியாவின் குரல், மிக அருகில். "அவதான் நேத்தே முகாமுக்குப் போயிட்டாளே. நான்தான் பாத்தேனே."

"போயிட்டாங்கல்ல? நிச்சயமா?" குரலை மாற்ற மறந்து ஜெனிவல் கேட்டான்.

"வேதாகமத்தோட போனா. உன் மேல சத்தியம்."

"அப்பாடா" என்றான் அவன். "அப்பா தட்டுவாருல்ல, அதான். தட்டாம போனா வேஷம் போட்ட மாதிரியே இல்ல. அவங்க உள்ள இருந்தா நான் இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன் அத்தை."

"தெரியும்டா. வா, களி ஆறுது."

லெயோனில்டாவின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. அதை இழுத்தால் என்ன ஆகும் என்று அவனுடைய அந்த 'அப்பாடா' சொல்லிவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள். இடுக்கு வழியாக மஞ்சள் பூக்கள் எதிர்வீட்டுக்குள் போய் மறையும்வரை பார்த்தாள். கார்னிவல் முடியும் சாம்பல் புதன்வரை அவள் வெளியே வரவில்லை. இருமல் வந்தபோது தலையணையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

புதன்கிழமை, முகாமிலிருந்து திரும்பியவளைப் போலப் பையோடு தெருமுனையிலிருந்து நடந்து வந்து, நேரே கித்தேரியா வீட்டுக்குள் போனாள்.

"எத்தனை வருஷமா வரான்?"

கித்தேரியா சிகரெட்டைக் கீழே போட்டாள். பொய் சொல்ல முயன்றாள். லெயோனில்டாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். "போன அடுத்த வருஷத்திலேர்ந்தே. சனிக்கிழமை எனக்குப் போன் பண்ணி, நீ தெருமுனை தாண்டிட்டியான்னு கேப்பான். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நீயும்தான் அவன் பேச்சையே எடுக்கல. கல்லு மாதிரி இருந்த."

"எங்க இருக்கான்?"

"கருவாருவில. வீட்டுக் கூரைக்கு ஜிப்சம் பலகை ஒட்டற வேலை."

"பொம்மை வேலை?"

"அதுல யாருக்குச் சோறு? வருஷத்துக்கு ஒரு முகமூடி பண்றான். அவ்ளோதான்." பிறகு கித்தேரியா புருவத்தைச் சுருக்கினாள். "ஆமா, ஞாயித்துக்கிழமை அவன் வந்தது உனக்கு எப்படித் தெரியும்? நீ முகாம்ல இல்ல?"

லெயோனில்டா சொன்னாள். ஒலிந்தா, சால்வடோர், போய்ச் சேராத ரியோ, கதவு இடுக்கில் கேட்டது. கித்தேரியா முதலில் சிரித்தாள், பொம்மைப் பாவாடைக்குள் எட்டிப்பார்த்த கதைக்கு. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அடிப் பாவி. நீ அவனத் தேடிப் போற, நீ போறதாலதான் அவன் இங்க வரான்."

"நான் இங்கேயே இருந்தா?"

"வரமாட்டான். அவன் வாயாலயே கேட்டியே. உன் பிள்ளைதானே, உன்ன மாதிரிதானே இருப்பான்."

கருவாருவுக்குப் போய் அவன் வீட்டைத் தேடலாமா என்று அந்த வருடம் முழுக்க அவள் யோசித்தாள். அரைமணி நேரப் பேருந்து. ஒரு தரம் கருவாரு நிலையத்தில் இறங்கி, ஒரு காப்பி குடித்துவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பினாள். போய் நின்றால் அவன் இன்னும் தொலைவான ஊருக்குப் போய்விடுவான். கார்னிவலுக்குக்கூட வரமாட்டான். அந்தக் கதவில் விழும் மூன்று தட்டும் இல்லாமல் போகும்.

அடுத்த தை மாதம் அவள் சன்னலுக்கு வந்தபோது அடௌட்டோ உற்சாகமாக நிமிர்ந்தான். "ரியோவ விட மாட்டீங்கன்னு தெரியும்க்கா."

"எந்த ஊரானாலும் சரி. சனிக்கிழமை காலையில கிளம்பணும், புதன்கிழமை திரும்பணும்."

"கார்னிவலுக்கு ஊர் பாக்கற லட்சணமா இது? பொம்மை வேண்டாமா?"

"வேண்டாம்."

ரெசிஃபேக்கு எழுதிக்கொடுத்தான். சனிக்கிழமை விடியலில் அவள் களி கிளறினாள். கோழிக் குழம்பு வைத்தாள். ஆறாமல் இருக்கத் துணி சுற்றி அடுப்பின் மேல் வைத்தாள். மறுநாள்வரை அது ஆறாமல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். முன் கதவை வெறுமனே சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. பிறகு வேதாகமத்தோடும் பையோடும், தெரு முழுவதும் பார்க்கும்படி, வீங்கிய கால்களால் மெதுவாகத் தெருமுனைக்கு நடந்தாள்.

ரெசிஃபேயில் அவள் எந்த ஊர்வலத்தையும் பார்க்கவில்லை. யாருடைய விரலையும் பார்க்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடி படுத்திருந்தாள். தெருவில் போன மேளங்கள் சுவரை அதிரவைத்தன.

புதன்கிழமை அவள் வந்தபோது கித்தேரியா வாசலில் காத்திருந்தாள். இருவரும் உள்ளே போனார்கள். சட்டியில் களி தோல் கட்டி, விளிம்பிலிருந்து விலகிக் கிடந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கரண்டி எடுத்த பள்ளம். குழம்பு தொடப்படவில்லை.

"தட்டினான்" என்றாள் கித்தேரியா. "ரெண்டாவது தட்டுக்கே கதவு திறந்துகிச்சு. பயந்துட்டான். திரும்பி என்னப் பாத்தான். நான் வாயத் திறக்கல. ரொம்ப நேரம் வாசல்லயே நின்னான். அப்புறம் உள்ள போனான். வெச்சதை வேண்டாம்னு சொல்லக் கூடாதுல்ல, அதுக்காக முகமூடியத் தூக்கி, நின்னுகிட்டே ஒரு வாய். உக்காரல. வெளிய வந்து கதவ இழுத்து சாத்திட்டான்."

"என்ன சொன்னான்?"

"எங்க வீட்டுக்கு வந்து கையுறையக் கழட்டினான். கிளம்பறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டான். அடுத்த வருஷமும் அவங்க முகாமுக்குப் போவாங்கல்லன்னு."

லெயோனில்டா சட்டியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனாள். காய்ந்த களியைக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினாள். அந்தப் பள்ளத்தை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

"என்னடி சொல்லட்டும் அவன்கிட்ட?"

"போவேன்னு சொல்லு."